ஒரு முறம் தவிடு

குப்பையில் போட்டு எடுத்த பிள்ளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போது நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் காலை மடக்கிப் படுத்திருக்கிறேனே, நான்தான் அது. பேரே குப்பாயி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிடும்போது பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து பிடித்துக்கொள்வேன். அழுதால் தினமும் செய்வார்கள், சிரித்தால் சீக்கிரம் அலுத்துவிடும். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னை ஒரு பழந்துணியில் சுற்றி எங்கள் வீட்டுக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்குள் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டுப் பாவாயி அத்தை தற்செயலாக அந்தப் பக்கம் வருகிற மாதிரி வந்து, "அடக் கெரகமே, ஆரோ பிள்ளையக் குப்பையில கொட்டீட்டுப் போயிட்டாங்களே" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லி, என்னை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "ஏனுங், பிள்ளை வேணுங்களா பிள்ளை" என்று கேட்டாளாம். அம்மா உள்ளேயிருந்து ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் சடங்கு. இப்படிச் செய்தால் வர்றது ஏமாந்துபோகும். வர்றது என்றால் பிள்ளைகளைக் கொண்டுபோக வருவது. அம்மா அதற்கு வேறு பேர் சொல்லி நான் கேட்டதில்லை. மொதப் பிள்ளைக்கு வர்றது வந்துச்சு, ரெண்டாவதுக்கும் வந்துச்சு, என்பாள். மூன்றாவதுக்கு வந்து பார்த்தால் இது இவள் வயிற்றுப் பிள்ளை இல்லை, எவளோ குப்பையில் எறிந்தது, தவிட்டுக்கு வாங்கினது, இதைக் கொண்டுபோய் என்ன செய்ய என்று அது திரும்பிப் போய்விடுமாம். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குக் கோழிப்பண்ணையில் தீவனம் கலக்குகிற வேலை, நாளெல்லாம் தவிட்டிலேயே நிற்கிற மனுஷன். "ஒரு முறத்துக்கு ஒரு பிள்ளைன்னா, எங்க குடோனை வெச்சு ஒரு ஊருக்கே பிள்ளை வாங்கலாம் புள்ள" என்றார். நானும் சிரித்தேன். இன்றைக்கு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்த பிறகுதான், அந்தக் கதையில் இத்தனை வருஷம் கவனிக்காத ஓரிடம் காலில் தட்டுகிறது. அம்மா போட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள். பாவாயி அத்தை இன்னும் வரவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் நான் குப்பைமேட்டில் கிடந்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் யாருடைய பிள்ளை?

என் கட்டிலுக்கு எதிரே ஒரு கதவு இருக்கிறது. வார்டுக்கும் பிரசவ அறைக்கும் நடுவிலுள்ள சின்ன அறையின் கதவு. தாழ்ப்பாள் சரியில்லை, ஒரு காற்றுக்குத் திறந்துகொள்கிறது, இன்னொரு காற்றுக்குச் சாத்திக்கொள்கிறது. திறக்கும்போது உள்ளே வரிசையாக வாளிகள் தெரியும், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் கவர். சிவப்பு, நீலம், மஞ்சள். வந்த அன்றைக்கு அதைப் பார்த்து, பரவாயில்லையே, நம் வீட்டில் எல்லாத்துக்கும் ஒரே குழிதான், இங்கே எவ்வளவு ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். சிவப்பில் டியூப், நீலத்தில் பாட்டில். மஞ்சளில் என்ன போடுவார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அஞ்சாம் மாசத்து ஸ்கேனில் டாக்டரம்மா என்னோடு பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். மூத்தது என்ன படிக்குது, பால்வாடி போகுதா என்று கேட்டுக்கொண்டிருந்தவர், நான் பதில் சொல்லி முடித்தும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கருவியை அழுத்தினார், நகர்த்தினார், மறுபடியும் அழுத்தினார். அந்த அறையில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் துடிப்பு இல்லை என்றார்கள், இங்கே சேர்த்தார்கள், மாத்திரை வைத்தார்கள், இன்றைக்குக் காலையில் எல்லாம் முடிந்தது. சிஸ்டர் ஒரு தட்டைத் துணி போட்டு மூடிக் கையில் வைத்துக்கொண்டு என் மாமியாரிடம் கேட்டாள், "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?" அத்தை யோசிக்கவே இல்லை. "நீங்களே பாத்துக்கங்க சிஸ்டர். வீட்ல சின்னப் பிள்ளை ஒண்ணு இருக்குது, இதக் கொண்டுபோய் எதுக்குங்." சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தாள். நான், யாரும் சங்கடப்பட வேண்டாம் என்று, சரிங்க சிஸ்டர் என்றேன். பார்க்கறியாம்மா என்று கேட்டதற்கும் வேண்டாங்க என்றேன். "நல்லது, பாத்தா மனசுல நின்னுக்கும்" என்றாள். தேங்ஸுங்க என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாராவது எதையாவது வாங்கிக்கொண்டு போனால் தேங்ஸ் சொல்வேனா நான்? அப்புறம் அந்தக் கதவுக்குப் பின்னால் கவரைக் கட்டுகிற சத்தம். மளிகைக்கடையில் கட்டுகிற அதே சரசர சத்தம். கழுத்தைத் திருகி, மடக்கி, இறுக்கி. அத்தை என் மூத்தவள் யாழினியைப் பார்த்துக்கொள்ள பஸ் ஏறிப் போய்விட்டாள். சாயங்காலம் வண்டி வந்து எல்லாக் கவரையும் எடுத்துக்கொண்டு போகும் என்றாள் வார்டைக் கூட்டுகிற தனம் ஆயா. இப்போது வெயில் சாயத் தொடங்கியிருக்கிறது.

பண்ணையில் நானும் கொஞ்ச நாள் வேலைக்குப் போனேன். செத்த குஞ்சுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும், மேலே சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், எனக்கு ஒன்றும் இல்லை, செத்தது செத்ததுதான். ஒருநாள் வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சுண்ணாம்பை அள்ளும்போது ஒரு கீச் சத்தம். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். குழிக்குள் எதுவும் அசையவில்லை. இன்னொரு கீச். பிறகு பார்த்தால் மேலே தகரத்தில் ஒரு குருவி. சிரித்தோம், ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு மேல் நான் ஒரு குஞ்சைக்கூடக் கையில் எடுத்து, திருப்பி, கண்ணைப் பார்க்காமல் குழியில் போட்டதில்லை. ஒரு கோழிக்குஞ்சைக்கூட. ஸ்கேனில் பார்த்தார்கள், டாக்டரம்மா பார்த்தார், பெரிய டாக்டரும் வந்து பார்த்தார், அதெல்லாம் தெரியும், நான் முட்டாள் இல்லை. ஆனால் அவர்கள் பார்த்தது திரையில். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தது யார்? வயிற்றுக்குள் இப்போதும் ஒன்று அசைகிறது. ஒரு மீன் தண்ணீரில் திரும்புகிற மாதிரி, போன வாரம்வரை எப்படி இருந்ததோ அப்படியே. கர்ப்பப்பை சுருங்குதும்மா, அப்படித்தான் இருக்கும், என்று சிஸ்டர் சொன்னாள். இருக்கட்டும். காற்றடித்துக் கதவு திறக்கிறது. மஞ்சள் கவர் ஒன்று மட்டும் வாளிக்கு வெளியே சுவரோரமாக, ஜன்னல் வெயிலில் இருக்கிறது. காலையில் அது நிமிர்ந்து நின்றது, நான் பார்த்தேன். இப்போது என் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. உள்ளேயிருந்த காற்று இறங்கியிருக்கும். கதவு சாத்திக்கொள்கிறது. வயிற்றில் மீன் திரும்புகிறது. கதவு திறக்கிறது. முடிச்சுக்குக் கீழே கவர் மெதுவாக உப்பி, மெதுவாக அமுங்குகிறது. ஃபேன் காற்று. ஃபேன் காற்று அந்த அறைவரைக்கும் போகுமா? போகும், ஏன் போகாது. பக்கத்துக் கட்டில் மும்தாஜ் அக்கா, கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர், வெகுநேரமாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னத்தடி அப்படி உத்துப் பாக்கறே, கதவு வேணும்னா கழட்டி வீட்டுக்குக் கொண்டுபோயேன்" என்கிறார். "தாழ்ப்பா இல்லாத கதவு எதுக்குங்கக்கா, வேற நல்லதாப் பாத்துச் சொல்லுங்க" என்கிறேன். சிரிக்க ஆரம்பித்துத் தையலைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கள்ல நாலு மாசம் தாண்டிட்டா பேர் வச்சு, குளிப்பாட்டி, அடக்கம் பண்ணிருவாங்க. என் தங்கச்சி பிள்ளைக்கு அப்படித்தான் பண்ணுனோம். இத்துணூண்டுதான் இருந்துச்சு, உள்ளங்கைக்கு அடங்கற மாதிரி. ஆனா பேர் இருக்குது அதுக்கு" என்கிறார். என்ன பேருங்க என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அது ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லையே.

போன் அடிக்கிறது. வீட்டிலிருந்து யாழினி. "அம்மா, பாப்பா தூங்கிருச்சா?" தூங்கிருச்சு சாமி, என்கிறேன். வேறென்ன சொல்வது. பின்னால் கீச்கீச்சென்று ஒரு சத்தம், கயிறு விட்டத்தில் உரசுகிற சத்தம். அவளுடைய பழைய சேலைத் தொட்டில் இன்னும் அவிழ்க்காமல் கிடக்கிறது, அடுத்ததுக்கு ஆகும் என்று நான்தான் விட்டு வைத்தேன். "ஏன்டி, வெறும் தொட்டில ஆட்டாதன்னு எத்தன தடவை சொல்றது." "வெறும் தொட்டில் இல்லம்மா." "உள்ள என்ன இருக்குது கண்ணு?" கயிறு உரசுகிறது, உரசுகிறது. "உள்ள என்ன இருக்குதுன்னு கேக்கறன்ல?" அத்தை போனைப் பிடுங்கி, "துணியச் சுருட்டி வெச்சு ஆட்டிக்கிட்டுக் கெடக்கறா, சொன்னா கேக்கறாளா உம்மக. நீ வெந்நி குடிச்சயா?" என்கிறாள். குடிச்சேனுங்கத்த. போனை வைத்துவிட்டேன். துணியைச் சுருட்டினால் பிள்ளை மாதிரித்தான் இருக்கும். பழந்துணியில் சுற்றித்தான் என்னையும் போட்டார்கள். பாவாயி அத்தை வந்து எடுத்தபோது துணியைப் பிரித்துப் பார்த்தாளா? வாங்கினபோது அம்மா பார்த்தாளா? அவள் போட்ட பிள்ளையைத்தான் எடுத்தார்களா? வர்றது அதற்குள் வந்து, குப்பைமேட்டின் மேல் குந்தி உட்கார்ந்து, துணியை விலக்கிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேறொன்றைச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால், இவ்வளவு நாள் சோறு தின்று, மூக்கைப் பிடித்துச் சிரித்து, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்றது யார்? சீ, என்ன நினைப்பு இது. வெயில் சூட்டுக்கு வருகிற நினைப்பு. எழுந்து தண்ணீர் குடிக்கலாம். தண்ணீர்ப் பானை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எழுந்தேன். தலை சுற்றவில்லை, கால் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. தண்ணீர் மொண்டேன், குடித்தேன், டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன், பிறகு கதவு தானாகத் திறந்தது, உள்ளே போனேன். பினாயில் வாசம். நீலவாளி, சிவப்புவாளி, எவ்வளவு துப்புரவு. எங்கள் குப்பைமேட்டில் கோழி கிளறும், நாய் படுக்கும், பூசணிக்கொடி தானாக முளைத்துப் பூக்கும், ஒருத்தி போட்டால் இன்னொருத்தி எட்டிப் பார்ப்பாள். இங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், அதுதான் வேலை ஒழுங்கு. வர்றது இத்தனை வருஷத்தில் புத்தி கற்றுக்கொண்டிருக்கும். ஒரு முறம் தவிட்டுக்கு ஏமாந்தோமே என்று யோசித்து யோசித்து, டைல்ஸ் போட்டு, நிறம் நிறமாகக் கவர் வைத்து, இந்தக் குப்பைமேட்டைத் தானே கட்டிக்கொண்டிருக்கும், பிள்ளையைப் போடலாம் ஆனால் பாவாயி அத்தை வர முடியாத மாதிரி. குனிந்தேன். மஞ்சள் கவரின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. பிறந்த குழந்தையின் முதுகு இருக்குமே, அந்தச் சூடு. கையை எடுக்கவில்லை. வெயில்தான், ஜன்னல் வழியே நேராக விழுகிறது, தரையும் சூடாகத்தான் இருக்கிறது, தொட்டுப் பார்த்தேன், ஆமாம், தரையும் சூடு. ஒரு கை தரையிலும் ஒரு கை கவரிலும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன், இரண்டு சூடும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டு. ஒன்று மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குப்பைமேட்டின் மேல் குந்தியிருப்பது இப்போது யார் என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே எழுந்துவிட்டேன். காலையில் சிஸ்டரிடம் சரிங்க என்று சொல்லிவிட்டு நான்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அம்மாவும் திரும்பித்தான் நடந்தாள். அதுவரைக்கும் சரி, சடங்கே அதுதான், பெற்றவள் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் அம்மா வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாகத் தவிட்டுப் பானையைத் திறந்திருப்பாள். முறத்தை எடுத்து வாசலைப் பார்த்து நின்றிருப்பாள். நான் படுத்துச் சாப்பாடு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் காலையிலிருந்து அப்படியே நீண்டுகொண்டு கிடக்கிறது. எடுக்க யாரும் வரவில்லை. கீழே ஒரு வண்டி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது.

தனம் ஆயா டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் வாசலை மறித்து நின்றேன். "தள்ளு கண்ணு. எந்திரிச்சு நடமாடிக்கிட்டு, தையல் கியில் பிரிஞ்சுறப் போகுது." "எனக்குத் தையலே போடலீங்க ஆயா." "அப்பத் தெம்பாத்தான் இருக்கற. வந்து டிராலியப் புடி." என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்ச் சிவப்பை எடுத்தாள், நீலத்தை எடுத்தாள். இதெல்லாம் எங்கே போகுமென்று கேட்டேன். "ஊருக்கு வெளிய பெரிய அடுப்பு இருக்குதாம், அதுல. நான் பாத்ததில்ல, எனக்கெதுக்கு." மஞ்சளில் கை வைத்தாள். "அது நிக்கட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆயா சிஸ்டரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் வந்து, "காலையில கேட்டனே குப்பாயி, சரின்னு நீயும்தானே சொன்ன" என்றாள். "சொன்னனுங்க. இப்ப வேணுங்க." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும். மத்த வார்டெல்லாம் முடிச்சு வண்டி கெளம்பறதுக்குள்ள வரணும். அதுக்கு மேல என்னால வெச்சிருக்க முடியாது, மேல கேப்பாங்க." போய்விட்டாள். ஆயா கவரைத் தூக்கப் போனவள் அப்படியே விட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "இதுக்கு எதுக்குடி இத்தன பாடு. எடுத்துக்க வேண்டியதுதானே, இந்தா." "நான் எடுக்கக் கூடாதுங்க ஆயா. அவரு வந்ததும் நீங்கதான் எடுத்துக் குடுக்கோணும். பிள்ளை வேணுமான்னு கேக்கோணும். நான் தவிடு தந்து வாங்கிக்குவன்." "தவிடா? ஏன், எங்கூட்ல எருமையாக் கட்டியிருக்குது?" மும்தாஜ் அக்கா கட்டிலில் தையலைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்கடி பாவிகளா" என்று முனகினார். நானும் சிரித்தேன், சிரிப்பு நிற்காமல் வந்தது. கூடச் சிரித்த ஆயா திடீரென்று, "உம்பேரு குப்பாயின்னா சிஸ்டர் சொன்னாங்க?" என்றாள். ஆமாங்க என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். செத்துப்போன பிறகு வாங்கி என்ன பண்ணுவே என்று கேட்பாள் என்று நினைத்தேன், அதற்கு என்னிடம் பதிலும் இருந்தது: உயிரோட வைத்துக்கொள்ள இல்லைங்க, யாருடையது என்று சொல்ல. அவள் கேட்கவில்லை. மஞ்சள் கவரை இரண்டு கையாலும் தூக்கி, வெயில் படாத மூலையில் வைத்து, கதவுக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி தன் டிராலியை நிறுத்தினாள். "வெரசா வரச் சொல்லு" என்றாள். கதவு இப்போது அசையவில்லை. வயிற்றில் மீன் ஒருதரம் திரும்பிப் படுத்தது. போனை எடுத்தேன். அந்தப் பக்கம் தீவன மெஷின் இரைச்சல். "ஏனுங் மாமா, வண்டிய எடுத்துட்டு இப்பவே கெளம்புங்க." என்னாச்சு புள்ள என்று கத்தினார். "ஒண்ணும் ஆகல. பாப்பாவ வாங்கீட்டுப் போலாம்." மெஷின் நின்றது. "அம்மா வேண்டாம்னுச்சே" என்றார். "அத்தைகிட்ட நான் பேசிக்கறன். நம்மூர்ல பிள்ளைகளப் பொதைக்கற எடம் இருக்குதில்ல, அங்க ஒரு குழி தோண்டச் சொல்லுங்க." "பையனா, பொம்பளப் பிள்ளையா?" என்றார். "தெரீலைங்க. வாங்கிப் பாத்துட்டுச் சொல்றன். வர்றப்போ ஒரு முறம் தவிடு கொண்டாங்க." பையில் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றார். "பையில வேண்டாம். கவர்லயும் வேண்டாம். முறத்துலயே கொண்டாங்க." பைக்கில வந்தா காத்துல பறந்துருமே புள்ள, என்றார். "பறக்கறது பறக்கட்டும் மாமா. மிச்சம் இருக்கறதக் கொண்டாங்க."